மூன்றாவது பெயர் ராஜாங்கம்

ராஜாங்கம் சாருக்குக் கிருமி என்றால் பயம். கல்லூரி கேன்டீனில் டம்ளரை வெந்நீரில் கழுவச் சொல்வார். கழுவுவதை நின்று பார்ப்பார். அதன் பிறகும் விளிம்பில் வாய் படாமல் டீயை மேலிருந்து ஊற்றிக்கொள்வார். சுடச்சுட டீயை அப்படிக் குடிக்கிற வேறு மனிதரை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பாதிக்குப் பாதி கிருமி.

மீதிப் பாதி பொறியியல் இயக்கவியல். எந்த உத்திரம் எவ்வளவு பாரத்துக்கு வளையும், எந்தத் தகடு எங்கே விரிசல் விடும் என்கிற படிப்பு. அவர் படித்ததும் அதுதான், பாடம் எடுப்பதும் அதுதான். ஆகவே பட்டியலில் ஒரு வரி இரும்புச் சட்டத்தின் வளைவைப் பற்றி இருக்கும். அடுத்த வரி, கல்வராயன் மலையில் விளையும் சாமைப் பயிரின் வேர்மண் பாக்டீரியாவைப் பற்றி இருக்கும். தெரியாதவர்கள் பார்த்தால், ஒரே பெயரில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற வழியில் இருக்கிற அந்தத் தனியார் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு வேலை. ஆசிரியர்களின் கட்டுரை விவரங்களைக் கணினியில் ஏற்றுவேன். கூட்டம் நடந்தால் புரொஜெக்டர் போடுவேன். தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் தெருவில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு மேலே என் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. மாட்டியது நான்தான். ஆகையால் டாக்டர் பட்டம் வாங்கி, கட்டுரையும் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிறைய எழுந்து நின்றேன்.

பிறகுதான் எங்கள் கல்லூரியில் கட்டுரைக்குப் பெயர் சேருகிற விதம் புரிந்தது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போலத்தான். என் வீட்டு விசேஷத்துக்கு நீ வந்தாய், உன் வீட்டுக்கு நான் வராமல் இருக்க முடியுமா? என் கட்டுரையில் உன் பெயர், உன் கட்டுரையில் என் பெயர். கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்பது, கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று துருவுவது போல மரியாதைக் குறைவு. சாப்பிட்டோமா, எழுதினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும்.

ராஜாங்கம் சாருக்குக் கிருமி வந்த வழி மட்டும் வேறு. அது சம்பந்த வழி. அவர் மனைவி அருள்மொழி மேடம், அதே வளாகத்தில் இருக்கிற கலைக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறைத் தலைவர். அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது மலை மண். மலைமேல் இருக்கிற வெள்ளிமலை ஊர்வரை பஸ் உண்டு. ஆனால் பஸ் நிற்கிற இடத்தில் சாமை விளைவதில்லை. எனவே சாருடைய மோட்டார் சைக்கிள். மண் மாதிரிகளை வைக்கிற ஐஸ் பெட்டி மேடம் மடியில் இருக்கும். அது தன் முதுகில் பட்டுவிடக் கூடாது என்று சார் நடுவில் ஒரு தலையணையை வைத்துக் கட்டியிருப்பாராம். மலைப்பாதையின் வளைவுகளில் ஜீப்காரர்கள் அந்தத் தலையணையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஹாரன் அடிப்பார்களாம்.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சரிவில் பாவாடை என்பவருடைய சாமை வயல். மேடம் வேரைத் தோண்ட, சார் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பார்.

“கீழ்நாட்ல மண்ணு தீந்து போச்சா சார்? எங்க மண்ண டப்பாவுல போட்டு எடுத்துக்கினு போறீங்களே” என்று பாவாடை கேட்டிருக்கிறார்.

“ஆராய்ச்சிக்குங்க.”

“மேடம் ஆராய்ச்சி பண்றாங்க. நீங்க இன்னா பண்றீங்க?”

“நான் வண்டி.”

கட்டுரை வெளியானபோது முதல் பெயர் அருள்மொழி, இரண்டாவது அவருடைய நெறியாளர், மூன்றாவது ராஜாங்கம். வண்டி ஓட்டியதற்கு அது. அடுத்தடுத்த கட்டுரைகளிலும் அதே மூன்றாவது இடம். பதிலுக்கு சாருடைய இயக்கவியல் கட்டுரைகளில் மேடத்தின் பெயர் ஏறியது. கணவன் மனைவிக்குள் கணக்கு பார்க்க முடியுமா?

இப்படியே ஓய்வுபெறும்வரை போயிருக்கும். ஆனால் மெக்கானிக்கல் துறையில் சேர ஆள் இல்லை. பேரில் கம்ப்யூட்டரோ ஏஐயோ இருக்கிற படிப்புக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, மெக்கானிக்கல் வகுப்பில் மின்விசிறிகள் காலி பெஞ்சுகளுக்குக் காற்று வீசின. இயக்கவியலுக்கு இருந்தவர்கள் இருவர்: ராஜாங்கம் சாரும் அவரைவிட இளையவரான ஜெயப்பிரகாஷ் சாரும். ஒருவர் போதும் என்று தாளாளர் முடிவெடுத்தார். வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து இருவரின் ஆராய்ச்சியையும் பார்ப்பார்கள். பலம் உள்ளவர் இருக்கட்டும், மற்றவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

ராஜாங்கம் சாருக்கு வேறு இடம் இல்லை. அவர் வயதில் இயக்கவியல் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருக்கிற கல்லூரி இந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஊரில் இருந்தது. அவருடைய அப்பா கரும்பு வெட்டப் போனவர். சின்னசேலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில் சாரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘காலேஜி’ என்றுதான் சொல்வார்கள். காலேஜி வந்துட்டாரா, காலேஜி வூட்ல சொல்லிட்டியா, காலேஜி சம்சாரம். காலேஜிக்குக் காலேஜ் இல்லை என்றால் ஊர் அவரை எப்படிக் கூப்பிடும்? இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

என் மேசைக்கு வந்து குனிந்து கேட்டார். “தம்பி, மெக்கானிக்ஸ மட்டும் வச்சா எப்டி வருது?”

“ஜெயப்பிரகாஷ் சாருக்கு ஜாஸ்தி சார்.”

“கிருமியும் சேத்தா?”

“உங்களுக்கு ஜாஸ்தி.”

“அப்ப கிருமி இருக்கட்டும்.”

“ஆனா சார், பட்டியல்ல இருக்கறது எல்லாத்துலயும் கேள்வி கேப்பாங்களாம். சுற்றறிக்கையில போட்டிருக்குது.”

“கேக்கட்டும். வூட்லயே டீச்சரம்மா இருக்கறாங்க.”

கையெழுத்து வாங்க ஒரு நாள் மாலை கள்ளக்குறிச்சியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாடம் நடந்துகொண்டிருந்தது. சார் சாப்பாட்டு மேசையில் கேழ்வரகுக் கூழை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேடம் எதிரே கரண்டியோடு நின்றிருந்தார்.

“நேத்து கரைச்ச கூழு இன்னிக்கு ஏன் புளிக்குது? சொல்லுங்க.”

“பழசாயிடுச்சி.”

“பழசானா ஏன் புளிக்கணும்?”

“மூடி வைக்கல.”

“மூடி வச்சாலும் புளிக்கும். யாரு புளிக்க வைக்கறாங்க?”

சார் யோசித்தார். “உங்கம்மா.”

“பாக்டீரியாங்க! உள்ள கோடிக்கணக்குல இருந்துக்கினு அதுங்க பண்ற வேல அது.”

சார் டம்ளரை மெதுவாகத் தள்ளி வைத்தார். “இத்தினி வருசமா இத்தயா குடிக்கக் குடுத்த?” என்றார். அன்றிலிருந்து அவர் கூழ் குடிப்பதில்லை என்று கேள்வி.

பாக்டீரியாக்களின் பெயர்களை அவர் மந்திரம் போல மனப்பாடம் செய்தார். எந்த வேதிக் கரைசலில் எந்த நிறம் வரும் என்பதுவரை ஒப்பித்தார். “உங்க மெக்கானிக்ஸயும் ஒரு தரம் பாத்துக்கங்களேன்” என்று மேடம் சொன்னதற்கு, “அது சொந்த வூடு அருளு. சொந்த வூட்டுக்குள்ள எவனாவது வழி கேட்டுக்கினு போவானா?” என்றார்.

நிபுணர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் இயக்கவியல் பேராசிரியர். இன்னொருவர் நுண்ணுயிரியல் அம்மா. சாருடைய பட்டியலைப் பார்த்துவிட்டுத் தனியாக வரவழைக்கப்பட்டவர். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்கள், இரண்டாவது கேள்விக்குள் தமிழுக்கு இறங்கினார்கள். நான் திரையில் கட்டுரைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். மூத்தவர் என்பதால் ராஜாங்கம் சார் முதலில் அழைக்கப்பட்டார். உதடு அசைந்துகொண்டே வந்தது. பெயர்களை விழாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்த அம்மா பெயர்களைக் கேட்கவில்லை.

“சாமைப் பயிர்க் கட்டுரை. பச்சையா நின்ன பயிரோட வேர்மண்ணையும், காய்ஞ்சு போன பயிரோட வேர்மண்ணையும் எடுத்து ஒப்பிட்டிருக்கீங்க. இந்த யோசனை யாருடையது?”

சாருடைய மனப்பாடத்தில் இது இல்லை.

“நாந்தாங்க மேடம்.”

“எப்படித் தோணுச்சு?”

“சும்மா பாறையில உக்காந்துக்கினு இருந்தேன். ஒரு வரப்புக்கு இந்தாண்ட பச்சையா இருக்குது, அந்தாண்ட அதே சாமை காஞ்சி கெடக்குது. வெயிலு ஒண்ணு, மழ ஒண்ணு, சரிவும் ஒண்ணு. வெதச்சதும் ஒரே நாளுன்னு வயல்காரரு சொன்னாரு. அப்ப வித்தியாசம் மண்ணுக்குள்ளதான இருக்கணும்? ரெண்டுத்துலயும் எடுத்துக்கினு போயிடலாம்னு சொன்னேன்.” உண்மையைப் பாதியில் நிறுத்தத் தெரியாதவர் அவர். “இன்னொரு தரம் மேல ஏறணுமேன்னு ஒரு சோம்பேறித்தனமும்தாங்க.”

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “இந்தக் கட்டுரையில உருப்படியான விஷயமே அந்த ஒப்பீடுதான்” என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டார்.

அத்தனை வருடமாகத் தான் வெறும் வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். அந்த நிமிர்வோடுதான் இயக்கவியல் பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

பேராசிரியர் ஒரு கட்டுரையின் படத்தைத் திரையில் காட்டச் சொன்னார். சுவரில் ஒரு முனையைப் பதித்த இரும்புச் சட்டம். மறுமுனை அந்தரத்தில் நிற்கும். நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சன்ஷேடு போல. அதன் மேல் பாரம் இறங்கும் இடத்தை ஓர் அம்புக்குறி காட்டியது.

“இங்க பாரம் வச்சா இது வளையுமா?”

சார் படத்தைப் பார்த்தார். சொந்த வீடுதானே. “வளையும் சார்.”

“நல்லாப் பாருங்க.”

நானும் பார்த்தேன். எனக்கு இயக்கவியல் தெரியாது. ஆனால் சன்ஷேடில் ஏறி நின்றிருக்கிறேன். அம்புக்குறி சரியாகச் சுவரை ஒட்டி இருந்தது. சுவரோரமாக எவ்வளவு பாரம் வைத்தாலும் சட்டம் அசையாது. வளைய வேண்டுமென்றால் பாரம் வெளி முனையில் இருக்க வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மேசை விளிம்பில் ஒரு ஸ்கேலை வைத்து வருடா வருடம் சார் நடத்துகிற பாடமே அதுதான்.

“கொஞ்சம்… வளையும் சார்” என்றார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “படம் யார் போட்டது?”

“கூட்டா பண்ணது சார்.”

அந்தக் கட்டுரையில் ஐந்து பெயர்கள் உண்டு. ஜெயப்பிரகாஷ் முதல், ராஜாங்கம் மூன்று, அருள்மொழிகூட ஐந்தாவதாக இருக்கிறார். ஐந்து பேரும் மற்ற நால்வரில் யாராவது பார்த்திருப்பார்கள் என்று நம்பியிருந்தார்கள். உண்மையில் எழுதியது அஜித் என்கிற மாணவன். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் பெயர் மட்டும் கட்டுரையில் இல்லை. அவன் யாருக்கு மொய் வைத்திருக்கிறான், அவனுக்குத் திருப்பி வைப்பதற்கு?

சார் வெளியே வந்தபோது நானும் அடுத்தவரை அழைக்க வந்தேன். வராந்தாவில் ஜெயப்பிரகாஷ் சார் டையைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தார்.

“இன்னா சார் கேட்டாங்க?”

ராஜாங்கம் சார் எதையாவது சொல்லி மழுப்பிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். போக வேண்டும் என்றும் நினைத்தேன். இருவரில் ஒருவருக்குத்தானே வேலை.

“ஜேப்பி, அந்த பீம் பேப்பர்ல படம் தப்புய்யா. பாரத்த செவுத்தாண்ட வச்சிருக்கறோம். அதத்தான் கேக்கறாரு. மொனையில இருக்கணும், படத்துல தப்பா விழுந்துடுச்சின்னு சொல்லிடு.”

“ஐயோ சாமி! நீங்க இன்னா சொன்னீங்க?”

“வளையும்னு.”

“ரெண்டு தரமும்” என்று நான் சொல்லவில்லை.

ஜெயப்பிரகாஷ் சார் உள்ளே போய், கேட்பதற்கு முன்பே அந்தத் தவற்றைத் தானே சுட்டிக்காட்டினார். இவ்வளவு நேர்மையான ஆசிரியர் கிடைப்பது அரிது என்று பேராசிரியர் பாராட்டினார். நான் புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் கேன்டீனில் பொறுக்க முடியாமல் கேட்டேன். “ஏன் சார் அவருகிட்ட சொன்னீங்க?”

டீயை மேலிருந்து ஊற்றி விழுங்கிவிட்டுச் சொன்னார். “எத்தினி பேப்பர்ல என் பேரப் போட்டிருக்கறான். வாய் தொறந்து கேக்கறான். சொல்லாம எப்டிப்பா இருக்கறது?”

அறிக்கை வந்தது. ஜெயப்பிரகாஷ் இயக்கவியலுக்குத் தகுதியானவர். ராஜாங்கத்துக்கு நுண்ணுயிரியலில் களத் தெளிவும் சொந்தச் சிந்தனையும் இருக்கின்றன. இயக்கவியலின் அடிப்படைகளை அவர் மறுபடி படிப்பது நல்லது. தாளாளர் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்ததாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். சிரித்து முடித்தபின் இரக்கம் வந்திருக்கிறது. ராஜாங்கம் சாரைக் கலைக் கல்லூரிக்கு மாற்றி, நுண்ணுயிரியல் துறையில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். துறைத் தலைவர் அருள்மொழி.

வேலை பிழைத்தது. ஊரில் அவர் இன்னும் காலேஜிதான். ஆனால் விடுப்பு வேண்டுமென்றால் ‘மதிப்பிற்குரிய அம்மா’ என்று தொடங்கி மனைவிக்கு விண்ணப்பம் எழுத வேண்டும்.

“வூட்ல வாயால கேக்கணும், இங்க கையால எழுதணும். ஒரே லீவுக்கு ரெண்டு பர்மிசன் தம்பி.”

“கெடைக்குதா சார்?”

“வூட்ல கெடைக்கும். இங்கதான் காரணம் கேக்கறாங்க.”

முதல் வாரம் முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குள் போனார். நுண்ணோக்கியில் முதல்முறை கண்ணை வைத்தவர், “அருளு, பெருசா ஒண்ணு நெளியுது!” என்று கத்த, மேடம் ஓடிவந்து பார்த்தார். அது சாருடைய கண்ணிமை மயிர். பெண் பிள்ளைகள் மேசைக்கடியில் குனிந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் எப்போது உறை கழன்றது, எப்போது அவர் மண்ணை வெறும் கையால் பிசைந்து பார்க்க ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியாது. தலையணை காணாமல் போனது மட்டும் தெரியும். பெட்டி இப்போது அவர் முதுகில் நேராகவே இடிக்கிறது.

ஒரு கோடை முழுக்க வெள்ளிமலைச் சரிவுகளில் அலைந்தார். குறிப்பிட்ட உயரத்திலிருந்து ஓர் எடையை விழவிட்டு, கம்பி மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் கருவி ஒன்றைத் தானே பட்டறையில் செய்துகொண்டார். மண் எங்கே இறுகியிருக்கிறது, அங்கே எந்தக் கிருமி வாழ்கிறது, எது வாழ முடியாமல் போகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பாவாடை மறுபடி கேட்டாராம்: “மண்ண எடுத்துக்கினு போனது போதாதுன்னு இப்ப அடிக்கவும் ஆரம்பிச்சிட்டீங்களா சார்?” பட்டியலில் பாதிக்குப் பாதி ஒட்டாமல் கிடந்த இரண்டு படிப்பும் முதல் தடவையாக ஒரே குழிக்குள் இறங்கியது அந்தக் கோடையில்தான்.

கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பதிவு செய்ய என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் புதிதாக வந்த சுற்றறிக்கை ஒன்றை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. நிபுணர்கள் போகிறபோது ஒரு பரிந்துரை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்: இனிமேல் கணவன் மனைவி பெயர்கள் ஒரே கட்டுரையில் வரக் கூடாது. மொய் எழுதுகிற பழக்கத்தை ஒழிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி. மற்றவர்கள் எழுதிக்கொள்வதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

“என் பேர எடுத்துடறேன். உங்க பேரு இருக்கட்டும்” என்றார் மேடம்.

“ஏன், பாக்டீரியா பாத்தது நீ இல்லயா?”

“மண்ணு பாத்தது யாரு? கருவி செஞ்சது யாரு? இத்தினி வருசத்துல நீங்க வேல செஞ்ச பேப்பர் இது ஒண்ணுதாங்க.”

அதை மேடம் கேலியாகச் சொல்லவில்லை. சாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் என் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

“துறைத் தலைவர் பேரு இல்லாம துறைக்கு மார்க் விழாது. விடு அருளு. கடைசில நன்றி சொல்ற எடத்துல என்னப் போட்டுடு. அங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

மேடம் எழுந்து போனார். அன்று வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வந்த பிரதியில் கடைசிப் பத்தியில் இருந்தது: ‘களப்பணியில் உதவிய திரு. ராஜாங்கம் அவர்களுக்கு நன்றி.’

நன்றிகளைப் பட்டியலில் ஏற்றுவதற்கு என் கணினியில் கட்டம் இல்லை.

அதே வாரம் இன்னொரு கட்டுரை என் மேசைக்கு வந்தது. ஜெயப்பிரகாஷ் சார் அனுப்பியது. இரும்புச் சட்டங்களைப் பற்றியது. நன்றி மறக்காத மனிதர். முதல் பெயர், ராஜாங்கம். சாருக்கு அது வந்ததே தெரியாது. ஒப்புதல் கையெழுத்துக்காகக் கூப்பிட்டேன். மலையிலிருந்து நேராக வந்திருந்தார். விரல் நகங்களில் செம்மண்.

கட்டுரையின் தலைப்பைப் படிக்கவில்லை. சுருக்கத்தைப் படிக்கவில்லை. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு படத்தில் நிறுத்தி, திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

“இன்னா சார் பாக்கறீங்க?”

“பாரம் எங்க வச்சிருக்கறான்னு பாக்கறேன் தம்பி.”

அம்புக்குறி வெளி முனையில் இருந்தது. சார் நிமிர்ந்தார்.

“ம். ஏத்திடு” என்றார்.